டபுள் விசில்

குக்கர் ஒரு விசில் அடித்ததும் நாச்சிமுத்துவின் கால்கள் நின்றுவிட்டன. படுக்கையறை வாசலில் வலது கால் முன்னால், இடது கால் பின்னால், ஒரு கை நிலையைப் பிடித்தபடி. சும்மா நிற்பதில்லை இது. தரையோடு சேர்த்து ஆணி அடித்த மாதிரி நிற்பது. நடுக்குவாதம் என்று பெரிய டாக்டர் பேர் சொன்ன அன்றைக்கே இதையும் சொல்லியிருந்தார். கை நடுங்கும், குரல் உள்ளே போகும், நடந்துகொண்டிருக்கும்போதே கால் ஒட்டிக்கொள்ளும், வாசற்படி மாதிரி இடங்களில் கூடுதலாக ஒட்டும் என்று. ஆனால் இன்றைக்குக் கால் ஒட்டியது வாசற்படியால் இல்லை. வாசற்படியை அவர் கிட்டத்தட்டத் தாண்டிவிட்டார். யார் துணையும் இல்லாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தானாக எழுந்து, பீரோவைத் தொட்டு, சுவரைத் தொட்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, அடுப்பில் கொள்ளு வேகிற பாழாய்ப்போன குக்கர் நீளமாக ஒற்றை விசில் விட்டது. வாழ்நாளெல்லாம் அரசு பஸ் ஓட்டிய கால் அது. சிங்கிள் விசில் என்றால் நிறுத்து, டபுள் விசில் என்றால் எடு. அதற்கு வேறு பாடம் தெரியாது. பிரேக் போட்டுவிட்டது. அவர் எழுந்து வந்ததே பாத்ரூமில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டுத்தான். கனமாக ஒன்று விழுந்தது. அப்புறம் பிளாஸ்டிக் மக் உருளுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. உள்ளே குளித்துக்கொண்டிருந்தவள் அவர் பெண்டாட்டி மயிலாத்தாள்.

மயிலா என்று கூப்பிட்டார். கூப்பிட்டதாக நினைத்தார். வாய்க்குள்ளேயே சுற்றிவிட்டு அந்தப் பேர் நாக்கடியில் படுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் வால்பாறை மலையில் வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறிவருகிற லாரிக்காரனை ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே நிறுத்திய குரல் இது. ஆரன் எதுக்குங்க, நம்ம டிரைவரே போதும் என்று பாசஞ்சர்கள் சிரிப்பார்கள். இப்போது பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். மயிலாத்தாள் கொடுப்பாள். சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தாலும் அவர் உதடு அசைவது அவளுக்கு எப்படியோ தெரியும். இருங்க, வந்துட்டனுங்க என்பாள். இப்போது உதடு அசைகிறது, அவள் வரவில்லை. மக் உருண்ட சத்தம். மக் விழுந்தால் உருளத்தானே செய்யும், சோப்புக் கை, வழுக்கியிருக்கும், அவள் குனிந்து எடுத்திருப்பாள். எடுத்திருந்தால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. மக்குக்கு முன்னால் கேட்டது என்ன. கனமாக ஒன்று. வாளியா. வாளி விழுந்தால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வரும். தண்ணீர் கொட்டவில்லை. அப்படியென்றால் மக் மட்டும்தான். மக் அவ்வளவு கனமாக விழாது. யோசனையும் அவர் காலைப் போலவே அந்த மக்கிலேயே வந்து வந்து நின்றது.

நின்ற இடத்திலிருந்து ஹால் முழுக்கத் தெரிகிறது. டிவி, நாற்காலி, காலண்டர், அதற்கப்பால் பாத்ரூம் கதவு. கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ் இல்லை. இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ் கிடையாது, ஆசாரியைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டவள் அவள்தான். உள்ள போயி நீங்க நின்னுட்டீங்கன்னா நான் கதவ ஒடைக்கறதுங்களா என்று கேட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஆணி. ஆணியில் கறுப்புக் கயிற்றில் விசில் தொங்குகிறது. அதை எட்டிவிட்டால் போதும். இந்த வீட்டில் அவரை நகர்த்துகிற சாவி அதுதான். பகல் முழுக்க அது மயிலாத்தாள் கழுத்தில், தாலிக்கொடியோடு சேர்ந்து கிடக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பி.டி. டீச்சரா என்று கேட்பதுண்டு. ஆமாங்க, ஒத்தப் பையன்தான் படிக்கறான் என்று இவரைக் காட்டுவாள்.

அந்த விசில் வந்த கதையை நினைத்தால் அவருக்கு இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கால் ஒட்டத் தொடங்கிய புதிதில் டாக்டர், தரையில் கோடு போட்டுப் பாருங்கள், கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும் என்றார். மயிலாத்தாள் சாக்பீஸில் போட்டாள், துடைப்பத்தோடு போய்விட்டது. அரிசி மாவில் போட்டாள், எறும்பு வந்தது, ஒட்டிய காலோடு நின்றவரை எறும்பு கடித்தது, நகர முடியாமல் அவர் கடி வாங்கியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு ஒரு நாள் மத்தியானம், பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவரோடு கடைசிவரை கண்டக்டராக ஓடிய இப்ராகிம் பாயைத் தேடிப்பிடித்து, ஏனுங் பாய், உங்க விசிலக் குடுங்க என்று வாங்கிவந்தாள். வந்த வேகத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், எந்திரிங்க என்றாள். அவர் எழுந்தார், ஒட்டினார். அவள் வாயில் வைத்து இரண்டு ஊதினாள். கால் கிளம்பிவிட்டது. ஹாலைத் தாண்டி, முன்வாசலைத் தாண்டி, கேட் வரைக்கும் போய்த்தான் நின்றார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவள் சொன்னதுதான் பெரிது. கல்யாணமான புதிதில் அவர் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் பெட்டியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து வால்பாறைக்குப் போனாளாம். வளைவுக்கு வளைவு தலை சுற்றுகிறதென்று வெளியே பார்க்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு போனாளாம். விசிலு எங்காதுல உழறதுக்கு முந்தியே உங்க காலு கெளம்பீருதுங்க, அன்னைக்கே பாத்தேன் என்றாள். எந்தக் காலத்தில் பார்த்தது. எங்கே கொண்டுவந்து வைத்தாள். இப்படி ஒரு மூளை தனக்கு இருந்திருந்தால் டெப்போ மேனேஜராகவே ஆகியிருக்கலாம் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், கம்முனு இருங்க என்பாள்.

மகன் தினகரன் ஓசூரிலிருந்து தீபாவளி நோம்பிக்கு வந்தபோது இந்த விசில் அவனுக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. அம்மா கழுத்திலிருந்து வாங்கி, வாங்கப்பா போலாம் என்று, பந்து விளையாட்டில் நடுவர் ஊதுகிற மாதிரி நீட்டி ஒரே ஒரு ஊது ஊதினான். அவர் அப்போது நன்றாக நடந்து வந்துகொண்டிருந்தார். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. உடம்பு மட்டும் முன்னால் போனது. டிவி ஸ்டாண்டில் நெற்றி பட்டு, புருவத்துக்கு மேல் தையல். அவன் நல்ல பையன்தான், ஊருக்குத் திரும்பும்வரை அப்பா முகத்தைப் பார்க்கவே கூசினான். மயிலாத்தாள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சிங்கிளு நிறுத்தறதுக்கு, டபுளு எடுக்கறதுக்கு, டிரைவர் ஊட்ல பொறந்துட்டு இது தெரியாதா சாமி என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு விசிலை யார் கையிலும் கொடுப்பதில்லை. குக்கரையும் அப்படித்தான். அவர் உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோதான் அடுப்பில் ஏற்றுவாள். இன்றைக்கும் அவர் கட்டிலில்தான் இருந்தார். கொள்ளுப் பருப்பு கேட்டது அவர்தான், குழந்தை மாதிரி காலையிலேயே அடம் பிடித்தார். கொள்ளு லேசில் வேகாது, விசில் மேல் விசில் கேட்கும். அது வேகறதுக்குள்ள மேலுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தர்றேன், எந்திரிக்காதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் எழுந்திருப்பார் என்று அவள் எப்படி எதிர்பார்ப்பாள். அவரே எதிர்பார்க்கவில்லை.

அவள் சாப்பிட்டாளா. காலையில் எழுந்தபோது போர்வை நனைந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஒருக்களிச்சுப் படுங்க என்று உருவிக்கொண்டு போனாள். பிறகு அவருக்கு இட்லி ஊட்டினாள். மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லியும் அவள் கேட்டதில்லை, இட்லின்னா இட்லியாட்டத் தெரிய வேண்டாங்களா என்பாள். துண்டு துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றுக்கும் அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பாள், நடுவில் செல்போன் பார்க்க மாட்டாள், கொட்டாவி விட மாட்டாள். அது முடிந்து அவருடைய மாத்திரை. அதோடு அவளுடைய சர்க்கரை மாத்திரை. ஆமாம், போட்டாள், தண்ணீர் குடித்ததைப் பார்த்தார். அப்புறம் தட்டு எடுத்தாளா. இல்லை. போர்வையைத் துவைக்கப் போனாள், அடித்துத் துவைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கொள்ளை ஏற்றினாள். குளிக்கப் போனாள். மாத்திரை போட்டுவிட்டுத் தின்னாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும், கண்ணைக் கட்டும், ஆளைச் சாய்க்கும் என்று அவளுக்கு டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சாய்க்கும். கனமாக ஒன்று. அப்புறம் மக்.

குக்கர் அடுத்த விசில் அடித்தது. அதுவும் ஒற்றைதான். வேறெப்படி அடிக்கும். ஏற்கனவே நின்ற கால் மேல் இன்னொருமுறை பிரேக்கை மிதித்த மாதிரி இருந்தது, தொடை வரைக்கும் இறுகியது. இன்னொன்று உடனே அடி, சேர்த்து அடி, நாயே, என்று அவர் மனதுக்குள் குக்கரைத் திட்டினார். இரண்டு சேர்ந்து வந்தால் டபுள் ஆகிவிடும், கிளம்பிவிடலாம். அது தன்பாட்டுக்கு உஸ்ஸென்று இருந்தது. சரி, வேறு வழி பார்ப்போம். எதிரில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள். நினைத்தார். கோட்டை எறும்பு தூக்கிக்கொண்டு போனது. இடதும் வலதுமாக ஆடு, கனத்தை மாற்று. ஆடினார். உடம்பு ஆடியது, பாதம் ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் ஆடினால் விழுவோம். விழுந்தால் இங்கே ஒருத்தர் அங்கே ஒருத்தர் என்று கிடக்க வேண்டியதுதான், பால்காரர் சாயங்காலம் வந்து பார்ப்பார். உதட்டைக் குவித்து விசிலடித்துப் பார்த்தார். எச்சில்தான் வந்தது, மீசை நனைந்தது. அந்த மீசையை நேற்றுத்தான் அவள் ஒதுக்கிவிட்டாள். சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலை நடுங்குகிற தாளத்துக்குத் தன் கையையும் சேர்த்து ஆட்டி, இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல். சீக்கு உங்க மேல்ல இருக்கட்டும், மொகத்துல ஏறக்கூடாதுங்க என்று சொல்லிக்கொண்டே.

இப்படி ஒரு பெண்பிள்ளையை யார் பார்த்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்தால், ஐயா சாப்பிடறாருங்களா, தூங்கறாருங்களா என்று அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள், ஏதோ அவர் மேஜை நாற்காலி மாதிரி. அவள் பதில் சொல்ல மாட்டாள். அவரையே கேளுங்க, பேசறதுக்குச் சித்த நேரமாகும், இருந்து கேட்டுட்டுப் போங்க என்று சொல்லிவிட்டுக் காப்பி வைக்கப் போய்விடுவாள். அவர்கள் வேறு வழியில்லாமல் காத்திருப்பார்கள். அவர் மெல்ல மெல்ல ஒரு வாக்கியத்தை முடிப்பார். முடித்ததும் சமையலறையிலிருந்து, கேட்டுச்சுங்களா என்று அவள் குரல் வரும். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று தோன்றும். படுக்கும்போது தன் சேலைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் முடிந்துகொள்வாள், அவர் அசைந்தால் அவளுக்கு முழிப்புத் தட்டும். அந்தச் சேலை இழுக்காத தூக்கத்தை அவள் தூங்கி எத்தனை வருஷம் ஆகிறது. ஒருநாள் அவளை உட்கார வைத்து, நீ பெரிய மனுஷி மயிலா என்று சொல்லிவிட வேண்டும். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு. உள்ளே கிடக்கிறாள், நாளைக்காம். அவளுக்கு ஒன்றென்றால் நம்மை யார் நடத்துவார் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. வந்த வேகத்தில் அவருக்கே அசிங்கமாக இருந்தது. அவள் தரையில் கிடக்கிறாளோ என்னவோ, உனக்கு உன் நடை. சீ என்று அதைத் தள்ளினார். அது போகவில்லை, ஓரமாக நின்றுகொண்டது. சரி, நின்றுகொள், இந்த வீட்டில் நிற்பதற்கா பஞ்சம்.

விசில் வராமல் வண்டி எடுத்ததில்லை என்பதுதான் அவர் சர்வீஸில் அவருக்கு இருந்த ஒரே கர்வம். ஒருமுறை வால்பாறை போகிற வழியில், பனி இறங்கிய நேரம், எஸ்டேட் ஆட்களை ஏற்ற நிறுத்தியிருந்தபோது பஸ்ஸுக்குப் பின்னால் தேயிலைக்குள்ளிருந்து ஒற்றை யானை இறங்கி ரோட்டில் நின்றது. பின்படியில் நின்ற இப்ராகிம் பாய்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வாய் வறண்டுவிட்டது. விசில் உதட்டில் இருக்கிறது, காற்று வரவில்லை. ஜனமெல்லாம், எடுங்க டிரைவரே, எடுங்க என்று கத்துகிறது. கண்ணாடியில் யானை காதை விரிப்பது நாச்சிமுத்துவுக்கே தெரிகிறது. எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவன் எவனாவது படியில் தொங்கிக்கொண்டிருக்கலாம், அது கண்டக்டருக்குத்தான் தெரியும், அவர் சொல்லாமல் சக்கரம் உருளாது. கடைசியில் பாய் உள்ளங்கையால் பஸ் தகரத்தில் இரண்டு அறை அறைந்தார். டப் டப். அடுத்த நொடி வண்டி வளைவில் ஏறிவிட்டது. தட்டினாலும் கணக்குத்தான் பாய், டபுள் டபுள்தான் என்று மேலே போய் டீ குடிக்கும்போது சொன்னார். பாய் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் சிரித்தார். இந்தக் கதையை மயிலாத்தாள் எத்தனை தரம் கேட்டிருப்பாள். ஒவ்வொரு தரமும் யானை வருகிற இடத்தில் புதிதாகக் கேட்பதுபோல், அப்பறமுங்க என்பாள். இப்போதெல்லாம் அவர் சொல்ல நேரமாகிறது, யானை தேயிலையை விட்டு இறங்குவதற்குள் காப்பி ஆறிவிடும். அப்போதும் கேட்பாள்.

எடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தது அவர். எடுக்க மாட்டேன் என்று இன்றைக்கு நிற்பது அவர் கால். எடுடா என்று தன் காலிடம் கெஞ்சினார். ஆயிரம் பேர் கெஞ்சினாலும் விசில் வராமல் நகராதவனிடம் பழகிய கால், கெஞ்சலுக்கு அசையவில்லை. ஆணியில் விசில் அதோ தொங்குகிறது. சின்னக் குழந்தை தவழ்ந்து போய் எடுத்துவிடும் தூரம். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கையை எடுத்தால் நிலையைப் பிடித்த பிடி போய்விடும். மயிலா. மயிலா. மயிலாத்தா. மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்தது என்று நினைத்தார். அவர் காதுக்குத்தான் அது வந்தது.

அப்போது பாத்ரூமுக்குள் ஒரு சத்தம். இழுபடுகிற சத்தம், ஈரத்தரையில் துணி உரசுகிற மாதிரி. நின்றது. மறுபடி உரசியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குக்கர் ஒற்றை விசில் அடித்தது, பாவி, எல்லாவற்றையும் மூடிவிட்டது. அது அடங்கியதும் உள்ளேயிருந்து வாளியின் மேல் எதுவோ மோதியது. டப். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் சேர்ந்தாற்போல, நன்றாக, வேண்டுமென்றே. டப் டப்.

இடது கால் எழுந்து முன்னால் விழுந்தது. வலது கால். இடது கால். ஹால், டிவி, நாற்காலி, காலண்டர். அவர் ஓட்டவில்லை, வண்டி தானாகப் போனது. கதவைத் தோளால் தள்ளினார். மயிலாத்தாள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை மார்பு வரைக்கும் கட்டியிருந்தது, முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. கையில் மக். வாளி இந்த மூலையில் இருந்தது, அவள் சாய்ந்திருந்த இடத்திலிருந்து அந்த மூலைவரை தரையில் ஈரம் இழுபட்ட தடம். மக்கை எடுக்கப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள்.

"சிங்கிள் அடிச்சுதே… நின்னுட்டீங்களா?" என்றாள். நாக்குக் குழறியது.

அவர் தலையாட்டினார்.

"எந்திரிச்சு வர்ற சத்தம் கேட்டுச்சுங்க. கூப்பிடலாம்னா வாயி வரலை. இந்த மக்கு வேற அக்கட்டால உருண்டு போயிருச்சு."

இவ்வளவு நேரம் அவள் நினைவில்லாமல் கிடக்கிறாள் என்று அவர் அங்கே நின்று பயந்தாரே, அவ்வளவு நேரமும் அவள் அந்த மக்கை நோக்கி உடம்பை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தலை சுற்றி, கண் இருட்டி, எழ முடியாமல் கிடந்தவளுக்கு, தன்னைத் தூக்க ஆள் வேண்டுமே என்பது தோன்றவில்லை. அங்கே ஒருத்தர் சிங்கிளில் நிற்கிறாரே, டபுள் கொடுக்க வேண்டுமே என்பதுதான் தோன்றியிருக்கிறது.

"வெல்லம்" என்றாள். "மேடை மேல, எவர்சில்வர் டப்பாவுல. பையப் போங்க."

சமையலறை பக்கத்து வாசல்தான். ஆனால் திரும்ப வேண்டும். திரும்புவதுதான் இந்தச் சீக்கில் ரொம்பக் கஷ்டம், கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுப்பதைவிடக் கஷ்டம். அவர் திரும்பத் தொடங்கியதும் பின்னாலிருந்து மக் விடாமல் மெல்லத் தட்டியது, டப் டப் டப் டப் என்று, ரிவர்ஸுக்குக் கண்டக்டர் தட்டுகிற மாதிரியே. குட்டிக் குட்டி அடியாகத் திரும்பினார். தட்டுவது நின்றது. டப் டப். உள்ளே போனார். முதலில் அந்தக் குக்கர். நடுங்குகிற கை அடுப்புத் திருகைத் தாண்டித் தாண்டிப் போனது, மூன்றாம் முறை பிடித்துத் திருகினார், அணைந்தது. இனி அடி பார்க்கலாம் என்று அதனிடம் சொன்னார். டப்பா மூடி திறக்கும்போது மேடையெல்லாம் தாளம் போட்டது. ஸ்பூன், தட்டு எதுவும் தன் கையில் நிற்காது என்று தெரியும். அச்சு வெல்லம் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டதும் அவள்தான். டப் டப், கொஞ்சம் சன்னமாக. வந்தார்.

குனிய முடியாது. குனிந்தால் விழுவார். சுவரில் முதுகைக் கொடுத்துக் கொஞ்சம் சரிந்து நின்றார். அவள் கையைத் தூக்கி அவர் பையிலிருந்து வெல்லத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். கடிக்கத் தெம்பில்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கொடியில் கிடந்த துண்டை இழுத்து அவள் தோள் மேல் போட்டார், பாதி தலையில் விழுந்தது. அவள் அதைச் சரி செய்யவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டில் மெல்ல ரத்தம் ஓடத் தொடங்கியது. இரண்டாவது அச்சைக் கடித்துத்தான் தின்றாள்.

"தின்னாம மாத்தரையப் போட்டுட்டனுங்க. எம்மேலதான் தப்பு."

அவர் பேச வாயெடுத்தார். அவள் காத்திருந்தாள். எப்போதும் காத்திருப்பது போலவே, அவர் முகத்தைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல்.

"நாளையிலிருந்து… நீ தின்னு… அப்பறம்… எனக்கு."

"சரீங்க."

"நீ பெரிய… மனுஷி புள்ள."

"கம்முனு இருங்க" என்றாள். ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வேர்வையை மட்டும் துடைக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

பிறகு வாளி விளிம்பில் கையூன்றி எழப் பார்த்தாள். இடுப்பு எழும்பியது, முழங்கால் மறுத்தது, உட்கார்ந்துவிட்டாள். மறுபடி பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"எனக்கும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்றாள்.

கதவுக்கு வெளியே, கை எட்டுகிற இடத்தில் ஆணி இருந்தது. அவர் விசிலை எடுத்தார். அத்தனை வருஷம் ஓடிய சர்வீஸில் ஒரு நாளும் அவர் விசில் ஊதியதில்லை, அது டிரைவர் வேலை இல்லை. கை நடுக்கத்தில் ஊதுவதற்கு முன்பே உள்ளே இருக்கிற உருண்டை கடகடவென்று ஆடியது. உதட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினார். சன்னமாக ஒன்று வந்தது. அதோடு மூச்சு தீர்ந்துவிட்டது.

மயிலாத்தாள் வாளி விளிம்பில் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சிங்கிள்தானுங்க வந்துருக்குது" என்றாள். "இன்னொண்ணு பையக் குடுங்க. நான் இருக்கறேன்."

அவர் சுவரில் சாய்ந்து மூச்சைச் சேர்த்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது விசில் வந்தது. மயிலாத்தாள் எழுந்து நின்றாள்.